சிங்கப்பூரில் வீட்டு வேலை: சம்பளம், ஓய்வு நாள், பாதுகாப்பு, புகார் – முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று சட்டம் எதையும் வைக்கவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை என்ற வரம்பும் கிடையாது. கடையிலோ ஆபீஸிலோ வேலை பார்ப்பவருக்கு வேலை நேரம், ஓவர்டைம், வருட விடுப்பு எல்லாவற்றையும் தருகிற வேலை நியமனச் சட்டம், வீட்டுப் பணிப்பெண்களை வெளியே நிறுத்தியிருக்கிறது. இவர்களுக்குப் பொருந்துவது வெளிநாட்டு ஊழியர்களுக்கான தனிச் சட்டமும், அதன்கீழ் வரும் வொர்க் பெர்மிட் நிபந்தனைகளும்தான்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. "சிங்கப்பூர்ல எல்லாமே சட்டப்படி நடக்கும், பயப்படாம போம்மா" என்று ஊரில் ஏஜென்ட் சொல்வார். அது பாதிதான் உண்மை. ஒத்துக்கொண்ட சம்பளம், அது வந்து சேர வேண்டிய தேதி, ஓய்வு நாள், சாப்பாடு, தங்க இடம், வைத்தியச் செலவு, திரும்பிப் போகும் டிக்கெட் ஆகியவற்றில் சட்டம் கறாராக இருக்கிறது. தூங்கும் நேரம், போன், ஊருக்குப் போய்வரும் லீவு, எந்தெந்த வேலை யார் யாருக்கு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. வந்து இறங்கி, கடனும் தலையில் ஏறிய பிறகு பேசிச் சாதிப்பது மிகக் கடினம். அதனால் கிளம்பும் முன் செய்ய வேண்டியதைத்தான் இங்கே விரிவாக எழுதியிருக்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் பெண்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் எழுதியது இது. பணிப்பெண் வைத்திருக்கும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களும் படிக்கலாம். விதி தெரியாமலேயே அதை மீறுகிற வீடுகள் நிறைய உண்டு. மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் விதிகள் வேறு, இதை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

படி 1: தகுதி இருக்கிறதா, ஏஜென்ட் உண்மையானவரா?

புதிதாக வருபவருக்கு 23 வயது நிரம்பியிருக்க வேண்டும், 50 வயது நிரம்பியிருக்கக் கூடாது. குறைந்தது 8 வருடம் பள்ளியில் படித்ததற்குச் சான்றிதழ் வேண்டும். முதலாளி உங்களுக்குச் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. "சித்தி வீட்டுக்கே வேலைக்குக் கூப்பிடுறாங்க" என்று கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வயதையும் படிப்பையும் மாற்றிக் காட்டச் சொல்லும் ஏஜென்ட்டை அந்த நிமிடமே விட்டு விலகுங்கள். பொய்த் தகவல் பிடிபட்டால் வேலை போவதோடு, சிங்கப்பூரில் மறுபடி வேலை செய்யவே தடை விழலாம். அப்போது ஏஜென்ட் வந்து காப்பாற்ற மாட்டார்.

இந்தியாவில் ஆள் அனுப்பும் ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பதிவு பெற்றவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சத்தில் பேசுகிறவர் யாராக இருந்தாலும் சட்டத்துக்கு வெளியே பேசுகிறார். இலங்கையிலிருந்து வருபவர்கள் கிளம்பும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்வது கட்டாயம். சிங்கப்பூர்ப் பக்கத்து ஏஜென்சிக்கு மனிதவள அமைச்சின் உரிமம் வேண்டும். அமைச்சின் இணையதளத்தில் உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

"விசிட்ல போய் இறங்கிடு, அங்க போய் வேலை மாத்திக்கலாம்" என்பதை மட்டும் எந்த நிலையிலும் ஏற்காதீர்கள். வேலை அனுமதி இல்லாமல் ஒரு வீட்டில் ஒரு நாள் பாத்திரம் தேய்த்தாலும் குற்றம். உங்களுக்கும் தண்டனை உண்டு.

படி 2: ஐபிஏ கடிதத்தைக் கையில் வாங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முதலாளியோ ஏஜென்சியோ விண்ணப்பித்து மனிதவள அமைச்சு சம்மதித்ததும் வருவது கொள்கையளவு ஒப்புதல் கடிதம். எல்லோரும் ஐபிஏ என்றுதான் சொல்வார்கள். முதலாளி உங்களுக்கு எவ்வளவு மாதச் சம்பளம் தருவதாக அரசாங்கத்திடம் சொல்லியிருக்கிறார் என்பது அதில் இருக்கும். வேலைக்கு வருபவருக்கு என்று தனிப் பிரதி உண்டு. நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே அது உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். தமிழில் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தத் தொகைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? உங்கள் முன்கூட்டிய, எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் முதலாளி அதைவிட ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) குறைக்க முடியாது. வீட்டில் வேலை குறைவாக இருந்தது, குடும்பமே இரண்டு வாரம் சுற்றுலா போயிருந்தது என்றெல்லாம் சொல்லிப் பிடிக்கவும் முடியாது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதச் சம்பளம் முழுதாக வர வேண்டும். நாளை தகராறு வந்தால் மனிதவள அமைச்சு அதிகாரி முதலில் பார்ப்பதும் அந்த எண்ணைத்தான்.

ஏஜென்ட் வாயால் 650 வெள்ளி என்று சொல்லிவிட்டு, ஐபிஏவில் 550 என்று இருந்தால் உங்கள் சம்பளம் 550 வெள்ளிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் ஃபார்மாலிட்டிக்குப் போட்டது" என்று அவர் சமாளித்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். திருத்தாவிட்டால் கிளம்பாதீர்கள். கடிதத்தைப் போனில் படம் எடுத்து, ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். போன் தொலையலாம், பறிக்கப்படலாம். ஊரில் தம்பியிடமோ மகளிடமோ இருக்கும் படம் அங்கேயே இருக்கும்.

எவ்வளவு கேட்கலாம்? குறைந்தபட்சம் என்று சிங்கப்பூர் அரசு வைக்காவிட்டாலும், பிலிப்பைன்ஸும் இந்தோனேசியாவும் தங்கள் நாட்டுப் பெண்களுக்கு இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு தொகையைச் சொல்லி அதில் உறுதியாக நிற்கின்றன. அதனால் ஒரே புளோக்கில், ஒரே மாதிரி வேலைக்கு, நாட்டைப் பொறுத்துச் சம்பளம் மாறுகிறது. இது அநியாயம்தான். நீங்கள் செய்யக்கூடியது, சமையல் தெரியும், கைக்குழந்தை பார்த்த அனுபவம் உண்டு, படுக்கையில் இருக்கும் பெரியவரைக் கவனித்திருக்கிறேன் என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்பக் கேட்பது. தமிழ் பேசும் முதியவரைப் பார்த்துக்கொள்ளத் தமிழ் தெரிந்தவரைத் தேடும் குடும்பங்கள் இங்கே உண்டு. உங்கள் மொழிக்கும் விலை இருக்கிறது, அதைக் குறைத்துப் பேசாதீர்கள்.

படி 3: பிடித்தம் எவ்வளவு, எத்தனை மாதம்?

பலருக்கு முதல் சில மாதம் கையில் காசே வராது. ஏஜென்சி செலவை முதலாளி முன்பணமாகக் கட்டிவிட்டு, மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார். இது நடைமுறையில் இருக்கிற முறைதான், ஆனால் எல்லை உண்டு. சிங்கப்பூர் ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணம், ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது. 600 வெள்ளிச் சம்பளத்தில் இரண்டு வருட ஒப்பந்தம் என்றால் அதிகபட்சம் 1,200 வெள்ளி.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஊரில் ஆன பயிற்சி, பாஸ்போர்ட், மருத்துவச் செலவெல்லாம் இந்த எல்லைக்குள் வராது. அவற்றையும் சேர்த்துக் 'கடன்' என்று ஒரே தொகையாகக் காட்டிவிடுவார்கள். அதனால் மொத்தத் தொகையை மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். எதற்கு எவ்வளவு, யாருக்குப் போகிறது, எத்தனை மாதம் பிடிப்பார்கள், அந்த மாதங்களில் கையில் எவ்வளவு தருவார்கள் என்ற நான்கும் தாளில் இருக்க வேண்டும். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள். முதல் ஆறு மாதத்துக்குள் முதலாளியே உங்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டால், சிங்கப்பூர் ஏஜென்சி தன் கட்டணத்தில் குறைந்தது பாதியை உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும்.

உங்கள் தலையில் கட்டவே கூடாத செலவுகள் உண்டு. முதலாளி அரசுக்கு மாதாமாதம் கட்டும் லெவி (சலுகை இருந்தால் 60 வெள்ளி, இல்லாவிட்டால் முதல் பணிப்பெண்ணுக்கு 300 வெள்ளி), 5,000 வெள்ளிக்கான பாண்ட் (விதி மீறினால் பறிபோகும் என்று முதலாளி அரசுக்குத் தரும் பிணை), இன்சூரன்ஸ், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவப் பரிசோதனை, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் முதலாளியுடைய பொறுப்பு. தட்டு உடைந்தது, சட்டையில் இஸ்திரிக் கறை விழுந்தது என்று சம்பளத்தில் பிடிப்பதற்கும் இடமில்லை.

பாண்ட் பற்றி ஒரு வார்த்தை. "நீ ஏதாவது பண்ணினா என் 5,000 வெள்ளி போயிடும்" என்று சொல்லித்தான் பல வீடுகளில் பெண்களை வெளியே விடாமல் வைக்கிறார்கள். பணிப்பெண் தன் சொந்த நிபந்தனையை மீறினால், அதை முதலாளி முன்பே அவருக்கு விளக்கியிருந்து, தெரியவந்ததும் அமைச்சிடம் சொல்லியிருந்தால், முதலாளியின் பணம் போகாது. இது முதலாளிகளுக்கே தெரிவதில்லை.

படி 4: ஒப்பந்தத்தில் எதை எழுத வைக்க வேண்டும்?

நிபந்தனைகளில் தினமும் போதுமான ஓய்வு தர வேண்டும் என்று இருக்கிறது, இத்தனை மணி நேரம் என்று இல்லை. அந்த இடத்தை ஒப்பந்தத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். இரவு இடையில் எழுப்பாத எட்டு மணி நேரத் தூக்கம் என்று எழுதக் கேட்பது பேராசை இல்லை. கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால், இரவில் குழந்தை அழுதால் யார் எழுந்திருப்பது, நீங்கள் எழுந்தால் பகலில் எப்போது தூங்குவது என்பதையும் கேளுங்கள். நான் பார்த்தவரை கசப்பு அதிகம் வருவது இதில்தான், யாரும் முன்கூட்டிப் பேசாததும் இதுதான்.

வீட்டில் எத்தனை பேர், நடக்க முடியாத பெரியவர் உண்டா, கார் கழுவ வேண்டுமா, நாய் உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போன் எப்போதும் உங்களிடம் இருக்குமா, வைஃபை உண்டா என்பதும் சேரட்டும். இரண்டு வருடம் முடித்துப் புதுப்பித்தால், டிக்கெட்டோடு 15 நாள் ஊர் லீவு அல்லது அதற்கு ஈடான பணம் தருவது பல ஒப்பந்தங்களில் வழக்கம். ஆனால் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை, எழுதியிருந்தால்தான் கேட்க முடியும். வேலையை விட எத்தனை நாள் நோட்டீஸ் என்பதும் இரு பக்கத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்களும் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தொடாதவர்களும் அதை எழுதச் சொல்லத் தயங்க வேண்டாம்.

வெற்றுத் தாளிலோ படிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள்.

படி 5: முதல் வாரம்

முதன்முறை சிங்கப்பூரில் வேலை செய்ய வருபவர், வந்த மூன்று வேலை நாட்களுக்குள் ஒரு நாள் அறிமுகப் பயிற்சிக்குப் போக வேண்டும். செலவு முதலாளியுடையது. தமிழிலும் நடக்கிறது, கேட்டு அதிலேயே சேருங்கள். உரிமைகளும் உயரத்தில் வேலை செய்யும்போது கவனிக்க வேண்டியதும் அங்கே சொல்லித்தரப்படும். புதிதாக வருபவர்களை, பணிப்பெண்களுக்கு உதவும் அமைப்பான வீட்டுப் பணியாளர் நிலையம் தனியாகப் பேட்டியும் எடுக்கிறது. முதலாளி பக்கத்தில் இருக்க மாட்டார். அதில் "எல்லாம் நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். சாப்பாடு போதவில்லை என்றாலோ சம்பளப் பேச்சு மாறியிருந்தாலோ சொல்வதற்கான நேரம் அதுதான்.

பாஸ்போர்ட்டும் வொர்க் பெர்மிட் அட்டையும் உங்களிடம் இருக்க வேண்டியவை. இன்னொருவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது சிங்கப்பூரில் குற்றம். "பத்திரமா இருக்கட்டும்னுதாம்மா வாங்கி வெச்சிருக்கேன்" என்று நல்ல மனசோடு சொல்பவர்களும் உண்டு. அவர்களிடம் மரியாதையாகவே, "இல்ல மேடம், நானே வெச்சிக்கிறேன், பூட்டுப் போட்ட ஒரு டிராயர் மட்டும் குடுங்க" என்று கேளுங்கள்.

படுக்க மெத்தை, தலையணை, போர்வை, காற்றோட்டம் ஆகியவை அடிப்படை. தனி அறை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வயதுக்கு வந்த ஆணோ டீன்ஏஜ் பையனோ தூங்கும் அறையில் உங்களைப் படுக்கவைக்கக் கூடாது. வீட்டில் கேமரா இருந்தால் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நீங்கள் தூங்கும், உடை மாற்றும் இடத்தில் கேமரா இருக்கவே கூடாது. சாப்பாட்டுக்கு மனிதவள அமைச்சே ஓர் அளவை உதாரணமாகச் சொல்கிறது: காலையில் நான்கு துண்டு ரொட்டி, மதியமும் இரவும் ஒரு கிண்ணம் சோறு, காய், உள்ளங்கை அளவு மீனோ இறைச்சியோ, ஒரு பழம். வீட்டு வேலைக்கு உடம்பில் தெம்பு வேண்டும். காலையில் வெறும் பிஸ்கட்டும் காபியும் கொடுத்து மதியம் வரை ஓடவிடுவது இதற்குப் பக்கத்தில்கூட வராது.

ஜன்னல் விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அடுக்குமாடி ஜன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைக்கச் சொன்னால் இரண்டு நிபந்தனை: கிரில் இருந்து அது பூட்டியிருக்க வேண்டும், முதலாளியோ அவர் சொல்லும் வேறொரு பெரியவரோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தரைத் தளத்து ஜன்னலுக்கும் பொது நடைபாதையைப் பார்த்த ஜன்னலுக்கும்தான் விலக்கு. உயரமான மாடிகளில் ஜன்னல் துடைக்கும்போது விழுந்து இறந்த பெண்களின் செய்திகள் அடுத்தடுத்து வந்த பிறகு, 2012இல் கொண்டுவந்த விதி இது. மூங்கில் கழியில் துணி காயப்போடும்போதும் உடம்பை வெளியே நீட்டி எட்டாதீர்கள்.

படி 6: மாதாமாதம் சம்பளம்

சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் பணம் வர வேண்டும். மார்ச் 10ஆம் தேதி வேலையில் சேர்ந்தால் முதல் மாதம் ஏப்ரல் 9 அன்று முடிகிறது, ஏப்ரல் 16க்குள் சம்பளம் கையில் இருக்க வேண்டும். "ஊருக்குப் போகும்போது மொத்தமா தர்றேன், உனக்கு நல்லதுதானே" என்ற பேச்சுக்கு இப்போது இடமே இல்லை. பணிப்பெண்ணின் பணத்தை முதலாளி தன்னிடம் வைத்துக்கொள்வதே கூடாது என்று 2019 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. நீங்கள் கேட்டால் வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும்.

கட்டாயம் கேளுங்கள். வங்கியில் போட்டால் தேதியும் தொகையும் தானாகப் பதிவாகிவிடுகிறது, யாரும் மறுக்க முடியாது. ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் உங்களிடமே இருக்கட்டும். ரொக்கமாகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், எண்ணிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள், போட்ட தாளைப் படம் எடுங்கள். வாங்காத மாதத்துக்கு வாங்கியதாகக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். இதோடு சின்ன நோட்டு ஒன்றில் தேதி, வாங்கிய தொகை, வேலை செய்த ஓய்வு நாள் மூன்றையும் எழுதி வாருங்கள். சம்பளம் தராமல் இழுக்கும் முதலாளிக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

படி 7: ஓய்வு நாள் கணக்கு

வாரம் ஒரு ஓய்வு நாள் 2013 ஜனவரியிலிருந்து சட்டம். எந்த நாள் என்பதை இருவரும் பேசி முடிவு செய்யலாம், ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அன்று வேலை செய்ய நீங்கள் சம்மதித்தால், குறைந்தது ஒரு நாள் கூலி தனியாக வர வேண்டும், அல்லது அதே மாதத்துக்குள் வேறொரு நாள் ஓய்வு தர வேண்டும். சம்மதம் என்பது உங்களுடையது. ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதி வைத்துக் கட்டாயப்படுத்துவது சம்மதம் ஆகாது.

ஒரு நாள் கூலியை மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்துக் கணக்கிட வேண்டும். 30ஆல் அல்ல. 650 வெள்ளிச் சம்பளத்துக்கு ஒரு நாள் 25 வெள்ளி வருகிறது. நான்கு ஓய்வு நாள் வரும் மாதத்தில் மூன்றில் வேலை செய்தால் 75 வெள்ளி. அந்த மாதம் உங்களுக்கு வர வேண்டியது 725 வெள்ளி. ஐபிஏவில் இருக்கும் அடிப்படைச் சம்பளத்துக்குள்ளேயே "ஆஃப் டே காசும் சேர்த்துத்தான்" என்று சொல்பவர்கள் உண்டு. சேராது. அடிப்படைச் சம்பளம் தனி, ஓய்வு நாள் காசு தனி.

நான்காவது நாளை ஏன் விட்டேன்? 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு நாளையாவது காசுக்கு விற்க முடியாது. நீங்களே வேண்டாம் என்றாலும் முதலாளி அந்த நாளைத் தந்தாக வேண்டும். இருவரும் ஒத்துக்கொண்டால் இரண்டு அரை நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். கடன் அடைகிற வரை எல்லா நாளும் வேலை செய்கிறேன் என்று பலர் நினைக்கிறார்கள், அந்த நினைப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த ஒரு நாள் வெளியே வாருங்கள். லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் வீரமாகாளியம்மன் கோயில் பக்கம் ஞாயிற்றுக்கிழமை நின்றாலே நம் ஊர்ப் பேச்சு காதில் விழும். வெளி ஆளிடம் நாலு வார்த்தை பேசினால்தான் தன் வீட்டில் நடப்பது சரியா தவறா என்பதே பலருக்குத் தெரியவருகிறது.

ஓய்வு நாளில் வேறு வீட்டில் பகுதிநேர வேலை பார்ப்பது மட்டும் கூடாது. அது உங்கள் பெர்மிட்டையே காலி செய்துவிடும்.

படி 8: வேறு வீடு, வேறு வேலை

பெர்மிட்டில் இருக்கும் முதலாளிக்கு, பெர்மிட்டில் இருக்கும் முகவரியில் வீட்டு வேலை. அவ்வளவுதான் உங்கள் வேலை. முதலாளியின் சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் நறுக்குவதும், அவர் தங்கை வீட்டை வாரத்தில் இரண்டு நாள் துடைப்பதும் சட்டவிரோதம். முதலாளியின் நெருங்கிய உறவினர் வீட்டில் குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்ளும்போது மட்டும் விலக்கு உண்டு. அதற்கும் உங்கள் சம்மதம் வேண்டும், அமைச்சிடம் தெரிவித்திருக்க வேண்டும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பார்ட்டி லியானி வழக்கைச் சொல்லலாம். இந்தோனேசியாவைச் சேர்ந்தவர், செல்வாக்கான ஒரு குடும்பத்தில் பல வருடம் வேலை செய்தவர். அந்தக் குடும்பத்து மகனின் வீட்டையும் அலுவலகத்தையும் சுத்தம் செய்ய அனுப்பப்பட்டார். 2016இல் திடீரென்று வேலையைவிட்டு நிறுத்தி, பெட்டி கட்டச் சில மணி நேரமே கொடுத்தார்கள். பிறகு திருட்டுப் பழி வந்தது. கீழ் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வேறு இடத்தில் வேலை வாங்கியது பற்றி அவர் அமைச்சிடம் புகார் செய்துவிடக் கூடாது என்பதே குற்றச்சாட்டுக்குப் பின்னால் இருந்திருக்கக்கூடும் என்பதையும் நீதிபதி கருத்தில் எடுத்துக்கொண்டார். அதனால் சொல்கிறேன்: முதலாளி வீட்டில் பழைய துணியோ பாத்திரமோ கொடுத்தால், "இது எனக்குக் கொடுத்தது" என்று வாட்ஸ்அப்பில் அவருக்கே ஒரு நன்றிச் செய்தி அனுப்பி வையுங்கள். பின்னால் யாரும் கேட்டால் காட்டலாம்.

படி 9: உடம்புக்கு முடியாவிட்டால்

வைத்தியச் செலவு முழுதும் முதலாளியுடையது. அதற்காகத்தான் வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி வரை ஈடுசெய்யும் மருத்துவக் காப்புறுதி எடுக்க 2023 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. இன்னொரு 60,000 வெள்ளிக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதியும் உண்டு. விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் அந்தப் பணம் உங்களுக்கோ உங்கள் குடும்பத்துக்கோ சேர வேண்டியது. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் வீட்டுப் பணியாளர்களுக்குப் பொருந்தாது, அதனால் இந்தக் காப்புறுதி பற்றி ஊரில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறு மாதப் பரிசோதனையில் கர்ப்பமும் சில தொற்றுநோய்களும் பார்ப்பார்கள். கர்ப்பம் என்று தெரிந்தால் பெர்மிட் ரத்தாகித் திருப்பி அனுப்பப்படுவார்கள். இந்த விதி கொடுமையானது என்றே நான் நினைக்கிறேன், ஆனால் இருக்கிறது, தெரிந்துகொண்டு வர வேண்டும். அதே பரிசோதனை உங்களுக்குக் கவசமும்தான். 2016இல் மியன்மார் பெண் ஒருவர் பட்டினியாலும் அடியாலும் இறந்தபோது எடை 24 கிலோ. அவருடைய முதலாளிக்கு 2021இல் 30 ஆண்டுச் சிறை. அந்த வருடத்திலிருந்து, டாக்டர்கள் எடையையும் விளக்கமில்லாத காயங்களையும் கவனித்துப் பதிய வேண்டும். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம்.

படி 10: தகராறு வந்தால்

அடி, பாலியல் தொந்தரவு, பூட்டி வைப்பது என்றால் யோசிக்காமல் 999க்குப் போலீஸை அழையுங்கள். பணிப்பெண்ணைத் துன்புறுத்தும் முதலாளிக்கும் அந்த வீட்டாருக்கும், சாதாரணத் தண்டனையைப் போல இரண்டு மடங்கு வரை கிடைக்கும்.

சம்பளம், ஓய்வு நாள், சாப்பாடு, வேறு வீட்டில் வேலை என்றால் மனிதவள அமைச்சின் பணிப்பெண்களுக்கான எண் 1800 339 5505. வீட்டுப் பணியாளர் நிலையத்தின் 24 மணி நேர எண் 1800 2255 233. பணிப்பெண்களுக்கு உதவும் ஃபாஸ்ட் அமைப்பின் எண் 1800 339 4357. ஹோம் அமைப்பும் உதவும், தங்க இடமும் தரும். இந்தியர்கள் கிரேஞ்ச் சாலையில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்கும் போகலாம். எண்களைப் போனில் 'ராணி அக்கா' என்பது போல வேறு பெயரில் சேமியுங்கள், ஒரு தாளிலும் எழுதி வையுங்கள்.

வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய நிலை வந்தால், தோழி அறைக்குப் போய் ஒளிந்துகொள்ளாதீர்கள். முதலாளி 'காணவில்லை' என்று புகார் கொடுத்தால் உங்கள் நிலை பலவீனமாகிவிடும். நேராகப் போலீஸ், அமைச்சு, தூதரகம் அல்லது மேலே சொன்ன அமைப்புகளில் ஒன்றுக்குப் போங்கள். பாஸ்போர்ட், பெர்மிட், ஐபிஏ படம், சம்பள நோட்டு, போன், சார்ஜர் கையில் இருந்தால் போதும். மற்ற சாமானைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அமைச்சு இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிக்கும். வழக்கு முடியும் வரை இங்கே தங்கச் சிறப்பு அனுமதிச் சீட்டு கொடுக்கலாம். வேறு முதலாளிக்கு மாறப் பொதுவாகப் பழைய முதலாளியின் சம்மதம் வேண்டும், ஆனால் தவறு அவர் பக்கம் என்றால் அமைச்சே அனுமதிக்க முடியும். அதனால் "நான் கையெழுத்துப் போடலன்னா நீ ஊருக்குத்தான் போகணும்" என்ற மிரட்டலை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

படி 11: ஊர் திரும்பும்போது

வேலை முடிந்தாலும், முதலாளியே நிறுத்தினாலும், நீங்களே விட்டாலும், டிக்கெட் செலவு முதலாளியுடையது. கிளம்பும் நாள் வரை சாப்பாடும் தங்க இடமும் தர வேண்டும். கடைசி நாள் வரையிலான சம்பளம், கொடுக்காமல் விட்ட ஓய்வு நாள் காசு, ஒப்பந்தப்படி நோட்டீஸ் பணம் எல்லாவற்றையும் விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். பெட்டி கட்டும்போது சாமானைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "எல்லாம் வாங்கிக்கொண்டேன்" என்ற தாளில், உண்மையில் எல்லாம் வாங்கியிருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

பாக்கி இருக்கும்போதே பலவந்தமாக ஏற்றிவிடப் பார்த்தால், சாங்கியில் குடிநுழைவுச் சோதனை இடத்தில் நிற்கும் அதிகாரியிடம், "எனக்குச் சம்பளப் பாக்கி இருக்கிறது, மனிதவள அமைச்சிடம் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழிலேயே சொல்லலாம், தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஊருக்குப் போன பிறகு இங்கே வழக்கை நடத்துவது மிகக் கடினம், ஆகவே விமானம் ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும்.